எண் ஒட்டாத டியூப்

வெள்ளையம்மா என்னை, எங்கள் பக்கம் முஸ்லிம் ஆண்களை அண்ணன் முறையில் கூப்பிடுகிற மாதிரி, 'நானா' என்று கூப்பிட்டது ஆரம்பத்தில் எனக்குப் பிடிக்கவேயில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வயதில் நான் எப்பேர்ப்பட்ட ஆள் என்பது இதிலேயே விளங்கிவிடும். எனக்கு அப்போது இருபத்தாறு. கொழும்பில் இரண்டு வருடம் ஆய்வுகூட வேலை பழகிவிட்டு ஊருக்கு வந்திருந்தேன். வெள்ளைக் கோட்டைக் கழற்றாமலே தெஹியோவிட்ட கடைத்தெருவுக்குப் பாண் வாங்கப் போவேன். புடவைக்கடை அப்துல் ரஸாக்கும் நானா, மீன் விற்கிறவரும் நானா, இவ்வளவு படித்துவிட்டு வந்த இந்த புவாடும் நானாவா? என்னைவிட எட்டு வயது மூத்தவள், ரப்பர்ப் பால்வெட்டுக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன கை. 'சார்' என்று கூப்பிட்டால் குறைந்தா போய்விடுவாள் என்று மனதுக்குள் பொருமுவேன்.

அவள் கதையைத்தான் எழுதப் போகிறேன். அவளுடைய ஒரே மகள் துஷ்யந்தி ஏழு வயதில் விசர்நாய்க்கடியால், வெறிநாய்க்கடியால், செத்துப்போனாள். காப்பாற்றியிருக்கலாம். நாற்பத்தொன்பது நாள் அவகாசம் இருந்தது. அதில் கடைசி ஒன்பது நாள் என் கையில் இருந்தது. இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் அது பொய்.

தெஹியோவிட்டவுக்கு மேலே ஒரு ரப்பர்த் தோட்டம். பெயர் வேண்டாம். அங்கே உதவி மனேஜருக்கான சின்னத்துரை பங்களா வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. 1998இல் ஒரு பல்கலைக்கழகத் திட்டத்துக்கு அதை வாடகைக்கு விட்டார்கள். வெளிநாட்டுக் காசு. முன் அறையில் கம்பிக் கூடுகளில் முயல்கள், சாப்பாட்டு அறையில் என் மேசை, ஒரு குளிர்சாதனப் பெட்டி, மின்சாரம் போனால் ஓட ஒரு ஜெனரேட்டர். திட்டத்தை நடத்தியவர் ஒரு சிங்கள டொக்டர் அம்மா. இரண்டு கிழமைக்கு ஒரு தரம் ஜீப்பில் வருவார். தோட்டத்தில் எல்லோரும் அவரை டொக்டர் நோனா என்றார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

வேலை இதுதான். விசர்நாய்க்கடிக்கு ஆஸ்பத்திரியில் தடுப்பூசி இருக்கிறது. ஆனால் விலை அதிகம். முழுக் கிருமியை வைத்துச் செய்யாமல், கிருமியின் மேலுறையில் இருக்கும் புரதத்தில் ஒரு சின்னத் துண்டை மட்டும் வைத்து மலிவாக ஊசி செய்ய முடியுமா என்று நோனா தேடினார். அந்தத் துண்டை முயலுக்கு ஏற்றுவது, பிறகு முயலின் இரத்தத்தை எடுத்து, அது அந்தத் துண்டை எதிர்க்கக் கற்றுக்கொண்டதா என்று பார்ப்பது. நோனா எனக்கு விளங்கப்படுத்தியது இப்படி: "கள்ளனின் சட்டையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து நாய்க்கு மோப்பம் காட்டுவது மாதிரி. துண்டை நாய் பழகிக்கொள்ளும். அதற்காகக் கள்ளன் வந்தால் பிடிக்கும் என்று அர்த்தமில்லை. அதை வேறாகப் பார்க்க வேண்டும்."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் நன்றாகவே கேட்டேன். கேட்டதை வெள்ளையம்மாவுக்குச் சொல்லவில்லை.

அவளைக் கூடு கழுவவும் புல் அறுக்கவும்தான் தோட்டத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். முதல் தடவை இரத்தம் எடுத்த நாள் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது. முயலின் காதோரம் ஓடும் மெல்லிய நரம்பில் ஊசியை ஏற்ற வேண்டும். நான் நாலு முயலின் காதைக் குத்திக் கிழித்துவிட்டேன். முயல் கத்தும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். வாளியோடு நின்றவள் பொறுக்க முடியாமல் கிட்டே வந்தாள்.

"இங்க குடுங்க நானா. காத இப்புடி முறுக்காதீங்க, அதுக்கு நோகுது."

அவள் முயலைச் சேலை மடியில் சுற்றி வைத்தாள். காதை விரல் மேல் விரித்துக் கொஞ்ச நேரம் உள்ளங்கையால் சூடாக்கினாள். ஊசியைச் சரித்து ஏற்றினாள். இரத்தம் தானாக வந்தது. முயல் இலையை மென்றுகொண்டிருந்தது. பதினாறு வயதிலிருந்து பால் வெட்டியவள். பட்டையைச் சீவ வேண்டும், மரத்தைத் தொடக் கூடாது, அவ்வளவுதான் பால்வெட்டு என்று எல்லோரும் சொல்வார்கள், வெட்டத்தான் தெரியாது. அன்றிலிருந்து இரத்தம் எடுப்பது அவள் வேலை. ஒரு மாதத்தில் ஊசி போடுவதும் அவள் வேலை. நோனா வரும்போது மட்டும் நான் ஊசியைப் பிடித்து நிற்பேன். நோனாவுக்கும் தெரியும், கண்டுகொள்ளமாட்டார்.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எண்கள் தெரியும், தேதி தெரியும், எந்த முயலுக்கு எந்த நாள் என்பது தலைகீழாகத் தெரியும். முதல் ஊசி, பதினாலாம் நாள் ஒன்று, இருபத்தெட்டாம் நாள் ஒன்று, முப்பத்தைந்தாம் நாள் இரத்தம். நான் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லுமுன் அவள் சொல்லிவிடுவாள். அவளுடைய கணவன் இந்திரகுமார் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல். மாதம் ஒரு முறை வருவான். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டதும் பங்களாவுக்கு வந்து படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும். உள்ளே வரக் கூடாது என்பது நோனாவின் சட்டம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முயல்களுக்குப் பெயர் வைக்கும். ஒரு முயலுக்கு என் பெயர். அது நிறையத் தின்னுமாம்.

1999 ஜனவரியில் முதல் முயல்களின் முடிவு வந்தது. பிளாஸ்டிக் தட்டில் தொண்ணூற்றாறு சின்னக் குழிகள். குழியின் அடியில் அந்தப் புரதத் துண்டு ஒட்டியிருக்கும். மேலே முயல் இரத்தத்தின் தெளிவை விட்டு, கழுவி, வேறு இரண்டு மருந்து விட்டால், துண்டைப் பழகிய இரத்தம் இருந்த குழி நீலமாகும். அமிலம் ஒரு சொட்டு விட்டதும் நீலம் போய் மஞ்சளாகும். அன்று துண்டு ஏற்றிய முயல்களின் குழியெல்லாம் மஞ்சள், நல்ல மஞ்சள். வெறும் உப்புத்தண்ணீர் ஏற்றிய முயல்களின் குழி தண்ணீராக நிறமில்லாமல் கிடந்தது. நோனா கை தட்டினார். அடுத்த நாள் கிரிபத், பாற்சோறு, கொண்டுவந்து தந்தார்.

வெள்ளையம்மா தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப வெறிநாய்க்கு மருந்து கெடச்சிருச்சா நானா?"

"பின்னே? கண்ணால பாக்கிறீங்கதானே."

அவ்வளவுதான் நான் சொன்னது. இனித்தான் கொழும்பில் எலிகளுக்கு இதே துண்டை ஏற்றி, உயிருள்ள கிருமியைக் கொடுத்து, பிழைக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் எதுவும் சொல்லலாம் என்று விளங்கப்படுத்த ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் எனக்குப் பெரிய விடயமாகப் படவில்லை. அதோடு, மருந்து கண்டுபிடித்தவர்களில் ஒருவனாக அவள் கண்ணில் நிற்பது நன்றாக இருந்தது. அவள் கிரிபத்தை வாழையிலையில் கட்டிக்கொண்டு போய் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஆளுக்கொரு வாய் கொடுத்துச் சொன்னாளாம், எங்க பங்களாவுல மருந்து செஞ்சாச்சு என்று.

மார்ச் கடைசியில் தோட்டத்து மாரியம்மன் திருவிழா. காப்புக் கட்டிவிட்டால் கட்டினவர்கள் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. திருவிழா முடிந்து காப்பு அவிழ்க்கும்வரை எட்டு நாள். தாண்டினால் அம்மன் கோபம் அந்த வீட்டுப் பிள்ளைகள் மேல் விழும் என்பார்கள். வெள்ளையம்மா அந்த வருடம் பால்குடம் எடுக்க நேர்ந்திருந்தாள். துஷ்யந்திக்கு முந்தின வருடம் நெருப்புக் காய்ச்சல் வந்து பிழைத்ததற்கான நேர்த்தி. அதே நாட்களில் எங்களுக்கு ஹஜ்ஜுப் பெருநாள். இரண்டாம் தொகுதி முயல்கள் பன்னிரண்டுக்கு முதல் ஊசி போட வேண்டிய நாள் பெருநாளுக்கு மறுநாள். நான் சாவியையும் மருந்தையும் அவளிடம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். வட்டிலப்பம் தின்கிற அவசரம்.

இனி எழுதுவது அவள் பிறகு சொன்னது.

பெருநாளன்று பின்னேரம் லயத்து நாய்க்குட்டி ஒன்று துஷ்யந்தியின் குதிகாலில் பல்லைப் பதித்தது. முள் குத்தின அளவுதான். பிள்ளை தினமும் சோறு போடும் குட்டி. இரண்டு நாளாகச் சுவரைக் கடிப்பதும் எச்சில் ஒழுக்குவதுமாக அலைந்ததை வெள்ளையம்மா பார்த்திருந்தாள். அடுத்த நாள் விடியக் குட்டி சாக்கடைக் கானுக்குள் செத்துக் கிடந்தது. மற்றவர்கள் எவனோ விஷ மருந்து வைத்துவிட்டான் என்றார்கள். அவளுக்கு மட்டும் விளங்கிவிட்டது. பங்களாவில் வேலை செய்பவள் அல்லவா. நோனா கற்றுக்கொடுத்தபடி காயத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். அது சரிதான். முழு மூடத்தனம் என்றால் யாராவது தடுத்திருப்பார்கள். அவளுடையது பாதி சரி. அரைக்கிணறு தாண்டினவளை யார் பிடிப்பது?

ஆஸ்பத்திரிக்குப் போக எல்லையைத் தாண்ட வேண்டும். கையில் காப்பு. பிள்ளைக்காக நேர்ந்த காப்பு, அதை முறித்துப் பிள்ளைக்கே கேடு வந்தால்? அதோடு அவளுடைய தம்பிக்குச் சின்ன வயதில் நாய் கடித்து, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டதை அவள் கூட இருந்து பார்த்திருக்கிறாள். பத்துக்கு மேல். நாலு பேர் கையைக் காலைப் பிடிக்க, ஒவ்வொரு நாளும் அவன் அலறினான். அந்த ஊசி மாறி, கையில் போடுகிற ஊசி வந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இங்கே, தோட்டத்துக்குள்ளே, அவள் கையாலேயே போட்டு, அவள் கண்ணாலேயே மஞ்சளாகப் பார்த்த மருந்து இருக்கிறது. சாவி இடுப்பில் இருக்கிறது. இந்த மூன்றையும் கூட்டிப் பாருங்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்று எத்தனையோ தரம் எனக்கே சொல்லியிருக்கிறேன்.

பன்னிரண்டு முயலுக்கும் ஊசி போட்டு முடித்தபின் புது ஊசி ஒன்றைப் பிரித்தாள். முயலைவிடப் பிள்ளை பெரிது என்று இரண்டு பங்கு எடுத்தாள். முயலுக்குப் போடுகிற மாதிரியே முதுகில் தோலைக் கிள்ளிப் பிடித்துப் போட்டாள். பிள்ளை அழுதது. திருவிழாக் கடையில் வளையல் வாங்கித் தருவதாகச் சொல்லித் தேற்றினாள். வாங்கியும் கொடுத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. மருந்தைத் திருடிவிட்டாள் என்று வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்ற பயம். புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

பதினாலாம் நாள் இரண்டாவது. இருபத்தெட்டாம் நாள் மூன்றாவது. மூன்றாவது தடவை பிள்ளை ஊசியைக் கண்டதும் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டது. காலைப் பிடித்து இழுத்து எடுத்தாள். போட்ட இடம் வீங்கி இரண்டு நாள் புரண்டு படுக்க முடியவில்லை.

முப்பத்தைந்தாம் நாள், மே மாதம் மூன்றாம் தேதி. அவள் இரத்தம் எடுத்து, உறையவைத்து, மேலே தெளிந்ததைப் பிரித்து டியூப்களை என் மேசையில் அடுக்கினாள். பன்னிரண்டுக்கு எண் ஒட்டியிருந்தது. பதின்மூன்றாவதாக ஒன்று, வெறும் பிளாஸ்டர், எண் இல்லை.

"இதென்ன வெள்ளையம்மா, ஒண்டு கூட ஈக்குது?"

"ஒரு மொயலுக்கு ரெண்டு தரம் எடுத்துட்டேன் போல நானா. கெடக்கட்டும், குழி மிச்சமிருந்தா பாருங்களேன்."

நான் எரிந்து விழுந்தேன். வேலையில் கவனம் வேண்டும் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். ஊருக்கு உபதேசம். பிறகு, குழிகள் மிச்சம் இருந்ததால் அதையும் விட்டுப் பார்த்தேன். அவள் துடைப்பத்தோடு அந்த அறையையே சுற்றிச் சுற்றி வந்தாள். நீலம் ஏறிற்று. அமிலம் விட்டேன். எண் இல்லாத டியூபின் குழிதான் எல்லாவற்றிலும் கடும் மஞ்சள்.

"எண் போடாத உங்கட முயல்தான் இண்டைக்கு முதல் பரிசு" என்று சிரித்தேன்.

அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வெளிப்படியில் போய் உட்கார்ந்தாள். தோள் குலுங்கிற்று. முயலுக்காகவா இப்படி அழுகிறாள் என்று நான் நினைத்தேன், எனக்கு அது வேடிக்கையாகக்கூட இருந்தது. மறுநாள் ஒரு காகிதச் சரை நிறைய தேன்குழல் வாங்கிவந்து என் மேசையில் வைத்தாள். என்ன விசேஷம் என்றேன். "சும்மாதான் நானா, தின்னுங்க" என்றாள். நான் தின்றேன்.

நாலு நாள் கழித்து நோனாவிடமிருந்து கடிதம் வந்தது. கொழும்பில் எலிகளுக்குச் செய்த பரிசோதனை முடிந்துவிட்டது. துண்டு ஏற்றிய எலிகளுக்கும் உப்புத்தண்ணீர் ஏற்றிய எலிகளுக்கும் உயிருள்ள கிருமியைக் கொடுத்திருந்தார்கள். ஒன்றுகூட மிஞ்சவில்லை. இரத்தம் துண்டை அடையாளம் கண்டது, முழுக் கிருமியைத் தடுக்க அது உதவவில்லை என்று எழுதியிருந்தார். ஜூன் முடிவோடு திட்டத்தை மூடுகிறார்கள். அடியில் ஒரு வரி: 'வெள்ளையம்மாவுக்கு நீயே பக்குவமாகச் சொல்லு, அவள் ஆசையாக இருந்தாள்.'

நான் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். வேலை போகப் போகிறது என்ற கவலை எனக்கு. அவளும் திரும்ப, விடியக்காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் போய் நிற்க வேண்டுமே என்று அவள்மேல் இரக்கம். இரக்கம்தான், வேறில்லை. இரண்டு கிழமையாவது சந்தோஷமாக இருக்கட்டும், மாதம் முடிய ஆறுதலாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். காலையில் அவள் முயல்களோடு பேசிக்கொண்டு புல் போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் வாய் வரை வரும், விழுங்கிவிடுவேன். நல்ல மனம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அந்த நாட்களில் துஷ்யந்தி வழக்கம்போலப் படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். ஏழாம் வாய்ப்பாட்டில் தடுக்கிவிட்டு ஜன்னல் வழியாக என்னிடம் கேட்டாள். நான் சொல்லிக்கொடுத்தேன்.

மே பதினாறு, ஞாயிற்றுக்கிழமை. முயலுக்கு இலை போட நான் வந்திருந்தேன். பங்களா மேட்டில் வெள்ளையம்மா மூச்சிரைக்க ஏறி வந்தாள், செருப்பில்லாமல்.

"நானா, நாலாவது ஊசி போடணுமா? மூணு போதாதா?"

"எந்த முயலுக்கு?"

"எம்புள்ளைக்கு நானா. முந்தாநாள்லேர்ந்து காய்ச்ச. கால் மதமதங்குதுன்னா. இன்னைக்கி தண்ணி குடிக்க மாட்டேங்குது. கோப்பயக் கண்டாலே தொண்டய இறுக்கிக்கிட்டு ஒதறுது. அன்னைக்கு மஞ்சளா வந்துச்சே, நீங்கதானே சொன்னீங்க மொதப் பரிசுன்னு. அது அவ ரத்தம் நானா."

எனக்கு முதலில் ஒன்றுமே விளங்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாக விளங்கிற்று. கடைசியாகத்தான் சட்டைப்பைக் கடிதம் ஞாபகம் வந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஏதாவது ஒரு மருந்தின் பெயரைச் சொல்வேன் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றேன்.

தோட்டத்து லொறியில் கொண்டுபோனோம். காற்று முகத்தில் படும்போதெல்லாம் பிள்ளை துடித்தது. வெள்ளையம்மா முந்தானையால் அதன் முகத்தை மூடிக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் டொக்டர் ஒரு கோப்பைத் தண்ணீரைத் தூரத்தில் வைத்துக் காட்டினார். பிள்ளை துடித்ததைப் பார்த்ததும் வெளியே வந்து என்னிடம் சிங்களத்தில் சொன்னார், இனி ஒன்றும் செய்ய முடியாது, இருட்டறையில் அமைதியாக வைத்திருக்கலாம் என்று. போன கிழமை கொண்டுவந்திருந்தால்கூட நிஜத் தடுப்பூசி போட்டுப் பார்த்திருக்கலாம், நோய்க்குறி தெரியாதவரை வாய்ப்பு இருந்தது என்றார். அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். பக்கத்தில் நின்ற வெள்ளையம்மாவுக்குச் சிங்களம் என்னைவிட நன்றாகத் தெரியும்.

மூன்றாம் நாள் துஷ்யந்தி போய்விட்டாள். கடைசி வரை அம்மாவை அடையாளம் தெரிந்தது. இந்திரகுமார் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தபோது பெட்டி மூடியிருந்தது. அவன் மனைவியை அடிக்கவில்லை, ஏசவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் கேட்டான். அதற்குப் பிறகு மாதா மாதம் வருவது குறைந்து, ஒரு வருடத்தில் நின்றுவிட்டது.

விசாரணை வைத்தார்கள். சாவியை அவளிடம் விட்டுப்போனது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். கடிதத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவள் மேல் வழக்கு எதுவும் போடவில்லை. நோனா வந்து என் புத்தகத்தைப் புரட்டி அந்தக் குழியின் மஞ்சள் அளவைப் பார்த்தார். இரத்தத் தெளிவைக் கழுவியபின் நாங்கள் முதலில் விடும் மருந்து முயல் இரத்தம், மனித இரத்தம் என்று வேறுபாடு பார்க்காத வகை, மலிவு என்று அதைத்தான் வாங்கியிருந்தோம். அதனால்தான் பிள்ளையின் இரத்தமும் மஞ்சளாகிற்று. "அவளுடைய உடம்பு எவ்வளவு நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறது" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு நோனா என் நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். ஜூனில் பங்களாவைத் திரும்ப ஒப்படைத்தோம்.

வெள்ளையம்மா பால்வெட்டுக்குப் போனாள். நான் இரத்தினபுரியில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் சேர்ந்தேன். கல்யாணம் முடித்தேன். எனக்கு ஒரு மகள் பிறந்தாள், நூரியா. அவளுக்குத் தடுப்பூசி போடும் நாளில் நான் ஆஸ்பத்திரிக்கு வெளியே நின்றுகொள்வேன். மனைவி கேட்டால் வெயில் தலைவலி என்பேன். மகள் ஏழு வயதைத் தொட்டதும் எனக்குத் தூக்கம் கெட்டது. ஒன்பது நாள் கடிதத்தை மடியில் கட்டிக்கொண்டு எத்தனை வருடம் நடப்பது? 2008 நவம்பரில் ஒரு நாள் பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போனேன்.

பதினொரு மணி இருக்கும். அவள் பால் எடுத்து ஸ்டோரில் கொடுத்துவிட்டு லயத்து வாசலில் உட்கார்ந்து கையில் ஒட்டியிருந்த ரப்பரை உரித்துக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து ஒரு நாற்காலியை எடுத்துப்போட்டாள்.

"வாங்க நானா. மெலிஞ்சிட்டீங்க."

பிளேன்டீ கொடுத்தாள். நான் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம் வந்த தேதி, எலிகள் செத்தது, நான் மறைத்தது, ஆஸ்பத்திரி டொக்டர் சொன்ன வாய்ப்பு. ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், ஏசவேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஒரு பிடி மண்ணை வாரி என் மூஞ்சியில் எறிந்திருந்தால் நிம்மதியாகத் திரும்பியிருப்பேன்.

அவள் கையில் மிச்சமிருந்த ரப்பரை உரித்து எடுத்தாள்.

"அந்த எலிக" என்றாள். "நம்ம மருந்து போட்டதுகளும் வெறும் உப்புத்தண்ணி போட்டதுகளும், ஒண்ணாவா செத்துச்சு? நம்ம மருந்து போட்டது ஒரு நாள், ரெண்டு நாளாவது கூட இருந்துச்சா?"

அந்தக் கடிதத்தில் அதுவும் இருந்தது. பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். அவளிடம் இனி ஒரு பொய் சொல்ல எனக்குத் துணிவில்லை.

"இல்ல வெள்ளையம்மா. எல்லாம் ஒரே நாளையிலதான்."

அவள் தலையை ஆட்டினாள். என் ஒன்பது நாளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது அவள் காதில் ஏறியதா என்றே எனக்குத் தெரியவில்லை. கதவுப் பக்கம் திரும்பி, உள்ளே கிடந்த கட்டிலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"கட்டிலுக்கு அடியில போயி ஒளிஞ்சிக்கிட்டா நானா. வேணாம்மா, வேணாம்மான்னா. காலப் புடிச்சு இழுத்து எடுத்தேன். உப்புத்தண்ணிக்காகவா புடிச்சு இழுத்தேன்? போறவதான்னு தெரிஞ்சிருந்தா, அழ வைக்காமயாவது அனுப்பியிருப்பேனே."